அம்மாவுக்கு வராத கறுப்புத் திரை

அந்தோனியார் திருவிழாப் பாட்டுப் புத்தகம் மூன்றாவது தடவையாகக் காணாமல் போன அன்று, மெலனி ஒரு புதுக் கொப்பியை எடுத்தாள். முதல் பக்கத்தில் ‘சந்தேகங்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

மெலனிக்குப் பதினொரு வயது. சந்தேகப்படுவதில் அவளை வெல்ல அவர்கள் குடியிருக்கும் அஜின்கோர்ட்டிலேயே ஆள் கிடையாது. குளிர்ப்பெட்டியில் ஒரு துண்டு கேக் குறைந்தால் போதும், அன்றைக்கு வீட்டில் ஒருவரும் நிம்மதியாக உட்கார முடியாது.

ஆனால் இந்த முறை சந்தேகப்பட்டது அவள் மட்டும் இல்லை. அம்மாவும்தான்.

“திங்கட்கிழமை இல்லை. செவ்வாய்க்கிழமை இல்லை. இண்டைக்கும் இல்லை,” என்றார் அம்மா. “நாற்பது பக்கம் அடிச்சு வைச்சிருக்கிறன். அது காலும் கையும் முளைச்சு நடந்து போகுமோ?”

அம்மாவின் பெயர் ஜூலி. கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் பாட்டுப் புத்தகத்தைத் தட்டெழுதிக் கொடுப்பவர் அவர்தான். சாப்பாட்டு அறை மூலையில் இருக்கும் பழைய கணினியில், பழைய பாமினி எழுத்துருவில்தான் அவருக்கு அடிக்க வரும். வேறு எந்தப் புதுச் சாமானிலும் அடிக்கமாட்டார். அந்தப் புத்தகம் திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். இன்றைக்கு வியாழன்.

மெலனி அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். திரையில் வழக்கம்போல மடு மாதாவின் படம் இருந்தது. படத்தின் ஓரத்தில் எப்போதும் இருக்கும் மஞ்சள் கோப்புறையை மட்டும் காணவில்லை.

“தனுஷிகா அக்கா வந்தா எடுத்துத் தருவா தானே அம்மா?”

“அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு,” என்றார் அம்மா. “அவள் கை வைச்சா வருது. நான் கை வைச்சா வரேல்லை.”

தனுஷிகா அவர்கள் வீட்டுப் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவள். யாழ்ப்பாணத்திலிருந்து கணினி படிக்க வந்தவள். மார்ச் மாதத்தில் பேருந்தால் இறங்கும்போது சறுக்கி விழுந்து, அவளுடைய மடிக்கணினி இரண்டு துண்டாகிப் போனது. அப்போது இதே அம்மாதான், “அழாதை பிள்ளை, எங்கடை கொம்பியூட்டரிலை படியன். என்ரை சாமான் ஒண்டிலையும் கை வைக்காமப் பாத்துக்கொள்,” என்று சொன்னார்.

போன சனிக்கிழமை, மெலனி நீச்சல் வகுப்புக்குப் போயிருந்த நேரம், தனுஷிகா அந்தக் கணினியில் என்னவோ செய்தாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம்.

“கொம்பியூட்டரைப் போடேக்கை ஒரு கறுப்புத் திரை வருமாம். அதிலை ரெண்டு வரி இருக்குமாம். கீழ் வரியை அமத்த வேணுமாம். எனக்கு ஒரு நாளும் கறுப்புத் திரை வரேல்லை,” என்றார் அம்மா. “சும்மா பேய்க்காட்டுறாள்.”

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பக்கத்து ஊரான மார்க்கத்திலிருந்து பேர்ணடெற் அன்ரி. திருவிழாக் குழுவின் தலைவி அவர். அவருடைய குரலுக்குத் தொலைபேசியே தேவையில்லை என்று அப்பா சொல்வதுண்டு.

“ஜூலி, புத்தகம் முடிஞ்சுதோ?”

அம்மா கதையைச் சொன்னார். அன்ரி தன் கணக்குக்குக் குரலைத் தணித்தார். அவர் குரலைத் தணித்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“நான் சொல்லுறனெண்டு குறை நினைக்காதை,” என்றார். “உன்ரை கொம்பியூட்டரைப் பூட்டிப்போட்டுத் துறப்பைத் தன்ரை கையிலை வைச்சிருக்கிறாள். கவனமா இரு.”

அன்று மாலை அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவும் இல்லை. அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

“ஞாயிறு பூசை முடிய அவளிட்டைச் சொல்லப்போறன். மாசக் கடைசியோடை வேறை இடம் பாக்கட்டும்.”

அப்பாவின் பெயர் கிளிபோட். சண்டை வரும் வாசம் தெரிந்தால் தோட்டத்துக்குப் போய்விடுவார். “எனக்குக் கொம்பியூட்டரிலை தெரிஞ்சது அதை நிப்பாட்டுறது மட்டும்தான்,” என்று சொல்லிக்கொண்டு, தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் புறப்பட்டார்.

மெலனி கொப்பியை மூடி வைத்தாள். தனுஷிகா அக்கா போய்விடுவாளா? பேஸ்மென்ற் படியில் பக்கத்தில் இருந்து கச்சான் கடலை உடைத்துத் தின்ன வேறு யார் இருக்கிறார்கள்? மெலனியின் விசாரணைக் கதைகளைச் சிரிக்காமல் கேட்கும் ஒரே ஆள் அவள்தானே.

ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தான். கணினி மேசையில் தனுஷிகாவின் சிவப்பு யூஎஸ்பி குச்சி கிடந்தது. ஒரு விரல் நீளம்கூட இல்லை. நாற்பது பக்கத்தையும் அதற்குள் ஒளித்து வைத்திருக்கலாம் அல்லவா? மெலனி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதை எடுத்துத் தன் பழைய காலுறை ஒன்றுக்குள் போட்டு, உடுப்பு லாச்சியின் அடியில் தள்ளிவிட்டாள். கொப்பியில், ‘ஆதாரம் 1. காலுறைக்குள்’ என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இடையில் இரண்டே நாள்தான் இருந்தது. அதற்குள் பொய் சொல்வது யார் என்று தெரிந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பா தோட்டத்தில் இருந்தார். மெலனி மூச்சைப் பிடித்துக்கொண்டு கணினியின் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் ஒரு சின்ன இரைச்சல். பிறகு திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. கீழே ஓர் இலக்கம் இருந்தது. பத்து. ஒன்பது. எட்டு.

மெலனி கை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று. இரண்டு. ஒன்று. கறுப்புத் திரை போய்விட்டது. மடு மாதா வந்தார். மஞ்சள் கோப்புறை இல்லை.

நிறுத்தினாள். திரும்பப் போட்டாள். கறுப்புத் திரை வந்ததும் கீழ் வரிக்குப் போய் அழுத்தினாள். அதே மடு மாதா. ஆனால் இப்போது ஓரத்தில் மஞ்சள் கோப்புறை இருந்தது. திறந்தால் நாற்பது பக்கமும் பத்திரமாக இருந்தன.

ஆக, தனுஷிகா அக்கா சொன்னது ஒன்றும் பொய் இல்லை. கணினியைத் தேவையில்லாமல் குற்றம் சொல்லவும் முடியாது. அப்படியானால் கறுப்புத் திரை வரவே இல்லை என்று சொல்வது யார்?

மெலனி கொப்பியைத் திறந்தாள். ‘அம்மா?’ என்று மிகச் சின்ன எழுத்தில் எழுதினாள். எழுதியதும் அவளுக்கே மனம் கேட்கவில்லை. உடனே கையால் அதை மறைத்துக்கொண்டாள்.

பின்னேரம் அம்மா வந்ததும் மெலனி பொறுக்கவில்லை.

“அம்மா, கறுப்புத் திரை வருது. நான் பாத்தனான்.”

அம்மா கைப்பையைக்கூட வைக்காமல் நின்றார். அவர் மெலனியைப் பார்த்த பார்வை, கேக் குறைந்த நாளில் மெலனி எல்லாரையும் பார்க்கும் அதே பார்வை.

“உன்னையும் கச்சான் தந்து தன்ரை பக்கம் எடுத்துப்போட்டாளோ?”

“சீரியஸா அம்மா?”

“அப்ப இரு. இப்ப உனக்கு முன்னாலை போடுறன். வந்தாப் பாப்பம்.”

அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினார். பிறகு சிலுவை அடையாளம் போட்டு, இரண்டு கையையும் குவித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அம்மா எதைத் தொடங்கினாலும் இப்படித்தான். கறிக்கு அடுப்பு மூட்டினாலும் செபம், கார் எடுத்தாலும் செபம். பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தாலும் ஆமென் வரும்வரை அம்மாவின் கண் திறக்காது.

திரையில் சின்ன இரைச்சல். கறுப்பு. இரண்டு வரி.

அம்மா பரலோக மந்திரத்தின் நடுவில் இருந்தார்.

பத்து. ஒன்பது. எட்டு.

மெலனி திரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள். அம்மா அருள்நிறை மந்திரத்துக்கு வருவதற்குள் இலக்கம் ஒன்றுக்கு வந்து, கறுப்புத் திரை சத்தமில்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகும் அம்மா முடிக்கவில்லை. “புனித அந்தோனியாரே, என்ரை புத்தகத்தைத் தேடித் தாங்கோ,” என்று உருக்கமாகக் கேட்டார். காணாமல் போன பொருளைத் தேடித் தருபவர் அந்தோனியார்தான். பாவம், அவரும் என்ன செய்வார். மெலனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டு விநாடி.

அம்மா கண்ணைத் திறந்தபோது மடு மாதா வந்திருந்தார். கோப்புறை இல்லை.

“எங்கை உன்ரை கறுப்புத் திரை?”

  நீங்கள் கண்ணை மூடியிருந்தபோது வந்து போனது என்று சொன்னால் அம்மா நம்புவாரா? கச்சான் தின்ற வாய் இப்படித்தான் சொல்லும் என்பார். அதைவிட, கும்பிட்டதால்தான் இவ்வளவும் நடந்தது என்று கேட்டால் அம்மாவின் முகம் எப்படி வாடிப்போகும் என்பதும் மெலனிக்குத் தெரியும்.

“நாளைக்குக் காலமை இன்னொருக்கா போடுங்கோ அம்மா. ஒரே ஒருக்கா. ப்ளீஸ்.”

அம்மா கணினியை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

ஆறு மணிக்குத் தனுஷிகா வந்தாள். மெலனி பேஸ்மென்ற் படியில் இறங்கும்போதே கீழே லாச்சிகள் இழுபடும் சத்தம் கேட்டது. தனுஷிகா தன் பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“மெலனி, சிவப்பு யூஎஸ்பி ஒண்டு கண்டனியோ? என்ரை புரொஜெக்ற் முழுக்க அதுக்குள்ளைதான். நாளைக்குக் குடுக்க வேணும்.”

மெலனிக்கு முகம் சூடாகிப்போனது. ஓடிப்போய்க் காலுறையோடு கொண்டுவந்தாள்.

“நான்தான் எடுத்தனான் அக்கா. சொறி.”

தனுஷிகா காலுறைக்குள்ளிருந்து குச்சியை வெளியே எடுத்தாள். 

“என்னைச் சந்தேகப்பட்டனியோ?”

“ஓம்,” என்றாள் மெலனி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “நான் எல்லாரையும் சந்தேகப்படுறனான் அக்கா. நேற்று உங்களை. இண்டைக்கு அம்மாவை. இப்ப ஒருத்தரையும் இல்லை.”

தனுஷிகா அவளை இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள்.

“நானும் சந்தேகப்பட்டனான்,” என்றாள் மெல்ல. “கறுப்புத் திரை வாறது அன்ரிக்கு நல்லாத் தெரியும், என்னை அனுப்புறதுக்குத்தான் சாட்டுத் தேடுறா எண்டு நினைச்சன்.”

“ஐயோ, அம்மா அதைக் காணவே இல்லை அக்கா,” என்று மெலனி நடந்ததை எல்லாம் சொன்னாள். பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், அந்தோனியார், ஐம்பத்திரண்டு விநாடி. கேட்கக் கேட்கத் தனுஷிகாவின் வாய் திறந்தபடியே நின்றது.

“ரெண்டுக்கும் ஒரே மாதா படத்தை நான்தான் போட்டனான்,” என்றாள். “அன்ரிக்கு அந்நியமாத் தெரியக்கூடாது எண்டு. அதாலைதான் எது எது எண்டு அவவுக்கு விளங்கேல்லை.”

“எது எதெண்டு எனக்கும் விளங்கேல்லை. அந்த மெஷினை நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“இந்த வீடு மாதிரித்தான். மேலை நீங்கள் இருக்கிறியள். கீழை நான். வாசல் ஒண்டு. மெஷினுக்குள்ளையும் அன்ரியின்ரை விண்டோஸ் ஒரு பக்கம், என்ரை லினக்ஸ் மற்றப் பக்கம். ஒண்டிலை இருக்கேக்கை மற்றதின்ரை சாமான் கண்ணிலை படாது. போடேக்கை எந்தப் பக்கம் போறியள் எண்டு கேக்கும். பத்து செக்கனுக்குள்ளை ஒருத்தரும் ஒண்டும் சொல்லாட்டி, மேல் வரியிலை இருக்கிற என்ரை பக்கம் போயிடும்.”

அவள் எழுந்தாள். “அது சின்ன வேலை. ஒருத்தரும் சொல்லாட்டி அன்ரியின்ரை பக்கம் போ எண்டு மாத்தி விட்டாச் சரி. புத்தகம் தானா வரும்.”

மெலனி யோசித்தாள். சரிதான், புத்தகம் வரும். ஆனால் அம்மா கறுப்புத் திரையை ஒரு நாளும் காணமாட்டார். தனுஷிகா இல்லாத ஒன்றைச் சொன்னாள், பிறகு பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைப்பார். ஞாயிற்றுக்கிழமையும் வரும்.

“வேண்டாம் அக்கா. அம்மா அதைத் தன்ரை கண்ணாலை பாக்க வேணும். அந்தப் பத்து செக்கனைக் கூட்டலாமோ?”

“எவ்வளவுக்கு?”

“அம்மா ஒவ்வொரு நாளும் செபத்திலை ஒவ்வொண்டு கூட்டிக்கொண்டு போறா. எவ்வளவு வைச்சாலும் காணாது.”

தனுஷிகா முதல் தடவையாகச் சிரித்தாள். “அப்ப எண்ணவே வேண்டாம், ஆள் சொல்லுமட்டும் பேசாம நில் எண்டு சொல்லலாம். ஒரு வரி மாத்தினாக் காணும்.”

“அதைத்தான் செய்வம்,” என்றாள் மெலனி.

ஏழு மணிக்கு அம்மா நவநாள் செபத்துக்குக் கோயிலுக்குப் போனார். இரண்டு பேரும் மேலே வந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தனுஷிகா சொல்லச் சொல்ல மெலனியே அந்த வரியை மாற்றினாள். பிறகு அந்த நீட்டு நீட்டான பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். அந்தத் திரையில் தமிழ் எழுத்து ஒழுங்காக வராதாம். ஆகவே இரண்டு வரியையும் இடம் மாற்றி, மேல் வரியில் அம்மா என்றும் கீழ் வரியில் தனு என்றும் ஆங்கில எழுத்தில் போட்டார்கள்.

அப்பா தட்டோடு கடந்து போனார். “நான் ஒண்டும் காணேல்லை,” என்றார்.

சனிக்கிழமை காலை. அம்மா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். அப்பா தேநீர்க் கோப்பையோடு சுவரில் சாய்ந்து நின்றார். தனுஷிகா சமையலறை வாசலைத் தாண்டி வரவில்லை. மெலனி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். 

அம்மா பொத்தானை அழுத்தினார். சிலுவை அடையாளம் போட்டுக் கண்ணை மூடினார்.

கறுப்புத் திரை வந்தது. இரண்டு வரி. இலக்கம் ஒன்றும் இல்லை.

பரலோக மந்திரம் முடிந்தது. திரை நின்றது. அருள்நிறை மந்திரம் முடிந்தது. திரை நின்றது. அம்மா அந்தோனியாரிடம் போனார். இன்றைக்கு அவரிடம் நிறையக் கேட்க இருந்தது போலும், கேட்டுக்கொண்டே இருந்தார். திரை அசையவில்லை.

“ஆமென்,” என்று அம்மா கண்ணைத் திறந்தார்.



அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து வாசித்தார். “அம்மா. தனு,” என்றார். பிறகு திரும்பாமலே கேட்டார். “உது எப்ப தொடக்கம் வருது?”

“முதல் நாளிலை இருந்து,” என்றாள் மெலனி. “பத்து செக்கன் நிண்டிட்டுப் போயிடும். நீங்கள் கும்பிட்டு முடிய ஐம்பத்திரண்டு செக்கன்.”

“புத்தகம் வரேல்லை எண்டுதான் நான் அந்தோனியாருக்கும் சேத்துக் கும்பிட்டனான்.”

“அந்தோனியார் எத்தினை தரம் கொண்டுவந்து காட்டினவரோ தெரியாது,” என்றார் அப்பா. “நீர்தான் கண்ணைத் திறக்கேல்லை.”

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்பா தேநீரோடு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

“இப்ப ஏன் போகாம நிக்குது?”

“அன்ரி கும்பிட்டு முடியுமட்டும் நிக்கட்டும் எண்டு மெலனிதான் சொன்னவள்,” என்றாள் தனுஷிகா வாசலில் நின்றபடி.

அம்மா மேல் வரியை அழுத்தினார். மாதா வந்தார். ஓரத்தில் மஞ்சள் கோப்புறை. ஆனால் அம்மா அதைத் திறக்கவில்லை. எழுந்து நேரே தனுஷிகாவிடம் போனார்.

“பிள்ளை, நான் உன்னைப் பிழையா நினைச்சுப்போட்டன்,” என்றார்.  “உன்னை அனுப்பிவிடக்கூட யோசிச்சனான். மனசிலை வைச்சிருக்காதை.”

“இல்லை அன்ரி. நானும் பக்கத்திலை நிண்டு வடிவாக் காட்டித் தந்திருக்க வேணும்.”

“காலமை சாப்பிட்டனியோ?”

தனுஷிகா தலையை ஆட்டினாள். அது ஓமா இல்லையா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அம்மா அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டு, புட்டுப் பானையைத் திறந்தார்.

அப்போது தொலைபேசி அடித்தது. பேர்ணடெற் அன்ரியின் குரல் சாப்பாட்டு அறை முழுக்கக் கேட்டது. “என்ன ஜூலி, துறப்பு அவளிட்டைத்தானே?”

“இல்லை பேர்ணடெற். துறப்பு என்ரை கையிலைதான் இருந்தது,” என்றார் அம்மா. “நான்தான் கண்ணை மூடிக்கொண்டு தேடினனான். புத்தகம் திங்கட்கிழமை வரும்.”

திருவிழா முடிந்து ஒரு கிழமை போயிருக்கும். அம்மா மறுபடியும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். மெலனி பழக்கதோஷத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். புத்தகம்தான் கிடைத்துவிட்டதே, இனி அந்தோனியாருக்கு வேலை இல்லை. செபம் குறைய வேண்டும். ஆனால் குறையவில்லை. ஐம்பத்தாறு விநாடி. நான்கு விநாடி கூடிவிட்டது.

இது என்ன புதுக் கதை? மெலனி கொப்பியை எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் அம்மாவின் கதிரைக்குப் பின்னால் பூனை மாதிரி வந்து நின்று காது கொடுத்தாள்.

“…தனுஷிகாவின்ரை படிப்புச் சோதினையும் நல்லபடியாப் போகவேணும். ஆமென்.”

கறுப்புத் திரை அவசரப்படாமல் காத்துக்கொண்டு நின்றது. மெலனி கொப்பியின் கடைசிப் பக்கத்தில், ‘ஐம்பத்தாறு விநாடி. சந்தேகம் இல்லை’ என்று எழுதிவிட்டு, கச்சான் தின்னப் பேஸ்மென்ற் படிக்கு ஓடினாள்.